நான்காவது துணுக்கு

எங்கள் லேபில் எல்லோரும் அவளை மைக்ரான் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் புதைத்து, அந்த மெழுகை நான்கு மைக்ரான் தடிமனில் சீவி எடுப்பது அவள் வேலை. ஒரு தலைமுடியின் தடிமனை இருபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினேழு வருடம் அந்த வேலையைச் செய்தவள் இந்த ஆறு மாதமாகப் பின்னறையில் கண்ணாடி கழுவிக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதையைக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான். போதாக்குறைக்கு அதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் அங்கே டைப்பிஸ்ட். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதை அடித்து, உறையில் போட்டு, கவுண்டரில் வந்து நிற்பவர்களிடம் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்கா எனக்கு வைத்த பெயர் வாயாடி.

அவள் மேஜையில் இரண்டு பொருள்கள் முக்கியம். ஒன்று சீவும் இயந்திரம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மெழுகு ரிப்பன் ரிப்பனாக வரும். இன்னொன்று வெந்நீர்த் தொட்டி. ரிப்பனைத் தூரிகையால் ஏந்தி அந்தத் தண்ணீரில் மிதக்க விடுவாள். சுருக்கம் நீங்கி விரிந்ததும் ஸ்லைடை அடியில் விட்டு அலுங்காமல் குலுங்காமல் தூக்குவாள். பிறகு சாயம் போட்டால் செல்களின் உட்கரு நீலமாகவும், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

"எமன் இந்தத் தொட்டியிலதான் உக்காந்திருக்கான்" என்பாள். ஒருவருடைய சதைத் துணுக்கு தண்ணீரில் தங்கிவிட்டால் அடுத்தவருடைய ஸ்லைடில் போய் ஒட்டிக்கொள்ளும். நோய் இல்லாதவருக்கு நோய் இருப்பதாக ரிப்போர்ட் போகும். அதனால் ஒவ்வொரு பிளாக்கும், அதாவது ஒருவருடைய சதை புதைந்த மெழுகுக் கட்டி, சீவி முடிந்ததும் மெல்லிய காகிதத்தைத் தண்ணீர் மேல் இழுத்துத் துடைக்க வேண்டும். எல்லோரும் ஒரு தடவை துடைப்பார்கள். இவள் மூன்று தடவை. துடைத்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே போடுவாள். பக்கத்து மேஜை டெக்னீசியன், நாங்கள் மீசைக்காரர் என்று கூப்பிடுகிறவர், "அந்தத் தண்ணியை வடிகட்டிக் குடிச்சுடேன்" என்று கிண்டல் செய்வார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

பயந்த சுபாவம். பஸ்ஸில் ஏறினால் இறங்கும் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அப்பா அம்மா ஒருவர் பின் ஒருவராகப் போனபோது அவளுக்கு வயது பத்தொன்பது, தங்கைக்குப் பத்து. அப்போது பிடித்த பயம் விடவே இல்லை.

பள்ளியைப் பாதியில் விட்டவள், லேபில் முதலில் சேர்ந்ததே கண்ணாடி கழுவத்தான். செல்லைப் பற்றிக் கற்றுக்கொண்டது தங்கையின் உயிரியல் புத்தகத்தில். தங்கை பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படிப்பாள், இவள் பாத்திரம் தேய்த்தபடியே மனப்பாடம் செய்வாள். தங்கைக்கு மறந்துபோனது இவளுக்கு நினைவிருக்கும். செல் சுவர், செல் சவ்வு, உட்கரு, பசுங்கணிகம் என்று வரிசை தவறாமல் சொல்வாள். பிறகு லேபில் மூலையில் கிடந்த ஒற்றைக் கண் மைக்ராஸ்கோப்பில் அதையெல்லாம் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் பார்த்தது வெங்காயத் தோல். "செங்கல் அடுக்கின மாதிரி இருந்துச்சுடி, சுவர் சுவரா. நான் அழுதுட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வெங்காயம் உரித்தால் யார்தான் அழ மாட்டார்கள் என்று நான் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் ஸ்லைடில் வைத்தாள். தன் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி வைத்தாள். ரொட்டியில் பூத்த பூஞ்சை, புளித்த மாவின் ஈஸ்ட், குட்டைத் தண்ணீர், தொட்டிச் சுவரின் பாசி எதையும் விடவில்லை. செத்துக் கிடந்த குருவி ஒன்றின் ரத்தத்தைக்கூடப் பார்த்தாள். "நம்ம சிவப்பணுக்குள்ள உட்கருவே கிடையாது. குருவிக்கு இருக்கு. நாம ஆக்சிஜன் தூக்க இடம் வேணும்னு உட்கருவையே வெளிய தள்ளிட்டோம்" என்று சாப்பாட்டு வேளையில் சொல்வாள். மைட்டோகாண்ட்ரியா மீது மட்டும் அவளுக்குத் தீராத கோபம். எங்கள் மைக்ராஸ்கோப்புக்கு அது தெளிவாக அகப்படாது. "செல்லுக்கு சக்தி குடுக்கறதே அதுதானாம். முகத்தைக் காட்ட மாட்டேங்குது" என்பாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போல.

ஒருநாள் தக்காளித் தோலைத் தட்டின் ஓரம் ஒதுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"செடியால ஓட முடியாது. அதான் ஒவ்வொரு செல்லும் சுத்திச் சுவர் கட்டிக்கிட்டு விறைப்பா நிக்குது. நமக்கு மடங்கணும், ஓடணும், அதனால வெறும் சவ்வுதான். அந்தச் சுவரை நம்ம வயிறால உடைக்க முடியாது, தெரியுமா? நீ மென்னு முழுங்கற தோல் பாதி அப்படியே வெளிய போகும்."

"அப்ப மாடு எப்படித் திங்குது?"

"மாட்டாலயும் முடியாது. அது வயித்துல குடியிருக்கற பாக்டீரியாதான் உடைச்சுக் குடுக்குது."

"சோறு திங்கறப்ப பேசற பேச்சா இது?" என்று நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனேன். அந்தப் பேச்சு பின்னால் ஒரு நாள் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

அவளுக்கு இன்னொன்றும் தெரிந்துபோயிருந்தது. கெட்ட செல்லின் முகம். உட்கரு பெருத்து, கறுத்து, ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாமல், வரிசை கலைந்து நிற்கும். டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களில் சாப்பிடாமல் டப்பாவை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவாள்.

அந்தத் தங்கை படித்து, ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை ஆனாள். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை அக்கா என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "தங்கச்சிக்கு மார்ல ஒரு கட்டி. இன்னிக்கு எடுத்துட்டாங்க. சாம்பிள் இங்கதான் வருது" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

"மீசைக்காரர்கிட்ட குடுத்துடுக்கா" என்றேன். சொந்தக்காரர் சாம்பிளை யாரும் தொடக் கூடாது என்று எங்கள் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. கை நடுங்கும், கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்பதற்காகப் போட்ட விதி.

"அந்தாளு ஒரு தடவைதான் துடைப்பாரு. நான் வேற யாரையும் நம்ப மாட்டேன். நீ வாயைத் தொறந்தே, அவ்வளவுதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் எல்லாம் இந்த வாய் மூடிக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்குப் பத்தொன்பது பிளாக். தங்கையுடையது வரிசையில் பன்னிரண்டாவது. பதினோராவது ஒரு தையல்காரருடையது. பெருங்குடலிலிருந்து கிள்ளி எடுத்த சிறு துணுக்குகள், மொத்தம் நான்கு. அந்தப் பதினோராவதை அவள் எப்படி முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. தண்ணீரின் சூடு கொஞ்சம் ஏறியிருந்தது. அதைக் குறைக்க வேண்டும் என்று தோன்றியதாம், கை போகவில்லையாம். அடுத்தது தங்கையுடையது, அடுத்தது தங்கையுடையது என்றே மனசு அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரருடைய ரிப்பனைத் தூக்கி வைத்துவிட்டு, தங்கையின் பிளாக்கை இயந்திரத்தில் மாட்டிவிட்டாள்.

துடைக்கவில்லை. பதினேழு வருடத்தில் அந்த ஒரே ஒரு தடவை.

புதன்கிழமை காலை தையல்காரர் கவுண்டருக்கு வந்தார். அறுபது வயசிருக்கும். சட்டைக் காலரின் உள்பக்கத்தில் நூல் கோத்த ஊசி குத்தியிருந்தது. நான் உறையைக் கொடுத்தேன். பிரிக்கவே பயந்து, "நீயே படிச்சுச் சொல்லிடும்மா. நான் உக்காந்துக்கறேன்" என்றார். புண் மட்டும்தான், புற்றுநோய் எதுவும் இல்லை என்று படித்துச் சொன்னேன். அவர் எழுந்து வந்து, கவுண்டர் மேல் கிடந்த என் தோள்பையைப் பார்த்தார். வார் பிய்ந்து ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை வெச்சுக்கிட்டா பஸ்ல போறே? குடு இங்க." காலரிலிருந்து ஊசியை உருவி, நின்ற நிலையிலேயே தைத்துக் கொடுத்தார். "இனிமே பையே கிழிஞ்சாலும் வார் கிழியாது" என்று சிரித்துவிட்டுப் போனார். நல்ல செய்தி சொன்ன நாளெல்லாம் எனக்கு என்னவோ அதை நானே செய்துகொடுத்த மாதிரி ஒரு பெருமை வரும். அன்றும் வந்தது.

மத்தியானம் டாக்டரம்மா தங்கையின் ஸ்லைடைப் பார்த்தார். நான் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஏதோ காரணம் வைத்துக்கொண்டு அறையிலேயே நின்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். ஆனா..." டாக்டரம்மா ஸ்லைடை நகர்த்தினார். திரும்ப நகர்த்தினார். "ஓரத்துல ஒரு கொத்து. ரொம்பக் கெட்ட செல்கள். வயசு என்ன, முப்பத்தி நாலா? பாவம். டிராஃப்ட் போட்டு வைம்மா. நாளைக்குச் சாயந்தரம் இன்னொரு தடவை பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன். சர்ஜன்கிட்ட இப்பவே சொல்லிடறேன், மார்பை எடுக்க வேண்டியிருக்கும்."

அக்காவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. துடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

அன்று மாலை இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். வழக்கமாகக் கதவோரம் நிற்பவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என் நிறுத்தம் அவள் நிறுத்தத்தைத் தாண்டித்தான். அவள் நிறுத்தம் வந்தது, எழுந்திருக்கவில்லை. "அக்கா" என்றேன். "அவ கதவைத் தொறப்பா. என் மூஞ்சியைப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுடும்" என்றாள். நானும் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். கண்டக்டர் எங்களைக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்.

வியாழக்கிழமை காலை கவுண்டரில் போன் அடித்தது. தங்கை. "அக்கா என்கிட்ட பேசவே மாட்டேங்கறா. ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் வரலைம்மா."

"என்கிட்ட மறைக்காதீங்க. இப்ப கிளாஸ்ல செல் பிரிதல் நடத்திட்டு இருக்கேன். போர்டுல வரையறப்ப கை நடுங்குது. பிள்ளைங்க பாக்கறாங்க."

வரலை, வரலை என்று நான்கு தடவை சொன்னேன். போனை வைத்தபோது என் முதுகு நனைந்திருந்தது.

டாக்டரம்மா சாப்பிடப் போனதும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனாள். "எனக்கு ஒரு தடவை பாக்கணும். நீ கதவுகிட்ட நில்லு." டாக்டர் மைக்ராஸ்கோப்பில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. தங்கையின் ஸ்லைடை வைத்தாள். சக்கரத்தைத் திருகினாள். யாராவது வந்தால் என்ன சொல்வது என்று நான் பொய்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன், ஒன்றுகூட உருப்படியாக அமையவில்லை.

"இருக்கு" என்றாள் கடைசியில். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கெட்டதுதான். பெரிசு பெரிசா." கொஞ்ச நேரம் கழித்து, "இரு" என்றாள். லென்ஸை மாற்றினாள். "இரு, இரு. இது என்ன?"

"என்னக்கா?"

"நீ பாரு. எனக்கு ஆசையில கண்ணு ஏமாத்துதான்னு தெரியல. நீ பாத்துச் சொல்லு. கொத்துக்குப் பக்கத்துல, என்ன தெரியுது?"

பார்த்தேன். நீலமும் சிவப்புமாக ஒரே குழப்பம். அந்தக் கொத்தை ஒட்டி நிறமே ஏறாத ஒரு சின்னக் கிறுக்கல். முதல் பார்வைக்குத் தூசிதான். டாக்டரம்மாவும் தூசி என்றே விட்டிருப்பார். உற்றுப் பார்த்தால் தூசி இல்லை. நான்கைந்து பெட்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. தடித்த கோடு, நேர்க் கோடு, உள்ளே காலி.

"கட்டம் கட்டமா இருக்குக்கா. சுவர் மாதிரி."

"சுவர்தானே? நல்லாப் பாத்தியா, சுவர்தானே?"

"சுவர்தான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செடியோட செல்லு. மாருக்குள்ள செடி எங்கிருந்துடி வரும்? மனுச உடம்புல எந்தச் செல்லுக்கும் சுவர் கிடையாது. இது யாரோ தின்ன காய்கறி. குடல்லேர்ந்து வந்தது. அந்தக் கெட்ட கொத்தும் இதோட ஒட்டிக்கிட்டு வந்ததுதான். அவளோடது இல்ல. அவளோடது இல்லவே இல்ல." வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளைக் கட்டிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக எதையோ உளறினேன். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

திடீரென்று அவள் என் கையை விலக்கினாள்.

"அப்ப இது யாரோடது?"

பதிவேட்டை எடுத்து வந்தோம். தங்கையுடையது பன்னிரண்டு. பதினோராவது தையல்காரருடையது, பெருங்குடல். அவருடைய ஸ்லைடைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மெல்லிய கண்ணாடியில் இளஞ்சிவப்பாக மூன்று புள்ளிகள்.

"பதிவேட்டுல எத்தனை துணுக்கு?"

"நாலு."

"இதுல மூணுதான் இருக்கு."

நான் ஓடிப்போய் அவருடைய ரிப்போர்ட்டின் நகலை எடுத்தேன். மேலே, 'பெறப்பட்டவை: துணுக்குகள் நான்கு' என்று இருந்தது. ஆறு வரி கீழே, 'ஆய்வில் கண்ட மூன்று துணுக்குகளிலும்' என்று இருந்தது. இரண்டையும் அடித்தது இந்தக் கைதான். ஒரே பக்கத்தில், ஒரே மூச்சில் அடித்து, உறையில் போட்டு, சிரித்த முகத்தோடு கொடுத்திருக்கிறேன். பிழைத்திருத்தம் பார்ப்பதில் எனக்கு இணை யாருமில்லை என்று பீற்றிக்கொள்பவள் நான்.

தண்ணீர் சூடாக இருந்ததால் அந்த நான்காவது துணுக்கு மட்டும் ரிப்பனிலிருந்து பிரிந்து மிதந்திருக்கிறது. நோய் இருந்த துணுக்கு அதுதான். அது தங்கையின் ஸ்லைடில் ஏறிக்கொண்டது. மிச்சம் மூன்றைப் பார்த்து நாங்கள் அந்த மனுசனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

கடிகாரத்தைப் பார்த்தேன். டாக்டரம்மா வர இன்னும் பத்து நிமிடம்.

அப்போது நான் சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை. "அக்கா, பேசாம இரு" என்றேன். "தங்கச்சி பிளாக்கை மட்டும் இன்னும் ஆழமா வெட்டிப் பாக்கலாம்னு மேடம்கிட்ட நான் சொல்றேன். வெட்டினா ஒண்ணும் இருக்காது. ஏதோ கலந்துடுச்சுன்னு விட்டுடுவாங்க. உன் வேலையும் போகாது. அவருக்கு... அவருக்குத் தொந்தரவு இருந்தா அவரே திரும்பி வருவாரு இல்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"எப்ப வருவாரு? ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டோம்ல. இனி வலிச்சாலும் வாயுன்னு நினைச்சுட்டு இருப்பாரு. அந்தச் செல்லு அதுவரைக்கும் சும்மா இருக்குமா? ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அதுக்கு நிறுத்தத் தெரியாது, அதான் அதோட வியாதியே."

"உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்கக்கா."

"தெரியும். சொல்றதுக்கும் பயமா இருக்கு, சொல்லாம இருக்கறதுக்கும் பயமா இருக்கு. சொல்லாம இருந்தா இனி ஒவ்வொரு பிளாக் மாட்டறப்பவும் அந்த மனுசன் வந்து நிப்பாரு. அந்தப் பயத்தை என்னால சுமக்க முடியாது. நான் கோழைடி."

கதவு திறந்தது. டாக்டரம்மா தன் நாற்காலிக்குப் பக்கத்தில் எங்கள் இருவரையும் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். அக்கா எழுந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மேடம், பன்னண்டாம் நம்பர் என் தங்கச்சி. நான்தான் வெட்டினேன். மறைச்சு வெட்டினேன். பதினொண்ணுக்கும் பன்னண்டுக்கும் நடுவுல தண்ணியைத் துடைக்கல."

டாக்டரம்மா உட்கார்ந்து அந்த ஸ்லைடை மறுபடி வெகுநேரம் பார்த்தார். சுவர் வைத்த அந்த நான்கைந்து பெட்டிகளைப் பார்த்திருக்க வேண்டும். காது மடல் சிவந்துவிட்டது. நான் அடித்துப் பக்கத்தில் வைத்திருந்த டிராஃப்டை எடுத்து, இரண்டாகக் கிழித்தார்.

"அன்னிக்கு மொத்தம் எத்தனை பிளாக்?"

"பத்தொம்போது."

"எல்லாத்தையும் திரும்ப வெட்டணும். நீ தொடக் கூடாது. இனிமே அந்த மெஷின் பக்கமே போகக் கூடாது."

"சரி மேடம்."

மீசைக்காரர் அந்தப் பதினொன்றையும் பன்னிரண்டையும் முதலில் வெட்டினார். என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லிவிட்டோம். கிண்டல் எதுவும் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீரை மூன்று தடவை துடைத்து, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு, உள்ளே கால் வைக்காமல், ஒவ்வொரு துடைப்பையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாயம் ஏறி, ஸ்லைடுகள் காய்ந்து வர மணி மூன்றாகிவிட்டது. தங்கையுடையதை மூன்று ஆழத்தில் வெட்டியிருந்தார். மூன்றிலும் சுத்தம். தையல்காரருடைய ஸ்லைடில் இப்போது நான்கு புள்ளிகள் இருந்தன; அன்று மிதந்து போனது ஒரு சீவல்தான், துணுக்கின் மிச்சம் மெழுகிலேயே இருந்தது. நான்காவதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "போன் போடு. இன்னிக்கே வரச் சொல்லு" என்றார் என்னிடம்.

முதலில் தங்கைக்குப் போட்டுக் கொடுத்தேன். அக்கா, "ஒண்ணுமில்லடி, சாதாரணக் கட்டிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடமே நீட்டினாள். அந்தப் பக்கம் தங்கை அழுவது எனக்குக் கேட்டது. அக்காவின் முகத்தில் சந்தோஷத்தின் சாயல்கூட இல்லை.

பிறகு அந்த இன்னொரு நம்பர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். எடுத்தார். பின்னால் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காலை நிறுத்தாமலே பேசினார் போலிருக்கிறது.

"லேப்லேர்ந்து பேசறேங்க."

"அட, நீயாம்மா! வார் எப்படி இருக்கு? தையல் விடலையே?"

என் பை நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. நெருக்கமான, அழுத்தமான தையல். "விடலைங்க" என்றேன். "நல்லா இருக்கு. ஐயா, நீங்க ஒரு தடவை இங்க வந்துட்டுப் போகணும்."

"எதுக்கும்மா? பயப்படற மாதிரி ஏதாச்சும்?"

எங்கள் தொழிலில் இதற்கென்று ஒரு பதில் இருக்கிறது. அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மாதான், நேரில் வாருங்கள் என்போம். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அது நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது. அக்கா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"ஐயா, உங்க சாம்பிளை வெட்டினது நான். தப்பு என்மேலதான். உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு நாங்க சொன்னது தப்பு. பயப்பட வேண்டிய விஷயம்தான். பயப்படுங்க. ஆனா நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க, இப்பவே கிளம்பி வாங்க. நான் வாசல்லயே நிக்கறேன்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது.